வண்டு வளர்த்த மருமகள்

ஆரியசாலையில் பயறு மொத்த வியாபாரம் நடக்கிற வீட்டில், மாடியறையைப் பூட்டி வைத்துக்கொண்டு வண்டு வளர்த்தவள் பொன்செல்வி ஒருத்திதான். வேறு எவளுக்கும் அந்தத் துணிச்சல் வராது. வந்தாலும் மாமியார் விடமாட்டாள்.

'பார்வதியம்மாள் மட்டும் எப்படி விட்டாள்?' என்று போன வாரமே சிலர் கேட்டீர்கள். எங்கே விட்டாள்! ஐம்பத்தொன்பது நாளும் மருமகளை வாயாலேயே வறுத்து எடுத்தாள்.

இப்போதுதான் கதைக்குள் வருகிறவர்களுக்காக நாலு வார்த்தை. பொன்செல்வி வேளாண் கல்லூரியில் பி.எச்.டி. செய்கிறாள். வண்டு துளைக்காத தட்டைப்பயறு ரகம் ஒன்றைக் கண்டெடுக்க வேண்டும், அதுதான் ஆராய்ச்சி. அவள் ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய ரகங்கள் பதினாறு, ரகத்துக்கு மூன்று டப்பா. டப்பாவுக்கு நூறு பயறு, பத்து வண்டு, வாயில் மெல்லிய துணி. அறுபதாம் நாள் திறந்து, எத்தனை பயறில் துளை விழுந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். ஐந்து வருடப் படிப்பு கடைசியில் அந்த எண்ணிக்கையில் வந்து நின்றது.

கல்லூரி லேபில் பெயின்ட் அடிக்கிற வேலை தொடங்கியது. பெயின்ட் வாடைக்கு வண்டு செத்துவிடும். கைடு ஓமனா டீச்சரிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நாற்பத்தெட்டு டப்பாவையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். எழுதிக் கொடுக்கவில்லை. அது அவள் தப்புதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

அன்று மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்த சண்டையைத் தீர்த்துவைத்தவன் கணவன் செல்வகணேஷ். "ரெண்டே மாசம்மா. நான் பொறுப்பு" என்றான். ஜன்னலுக்கு வலை அடித்தான். கதவுக்குப் பூட்டு வாங்கினான். ஒரு சாவி பொன்செல்வியின் பையில், இன்னொன்று கடைச் சாவிக்கொத்தில். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவளே தோழிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

போன வாரம் ஐதராபாத்தில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மெயில் வந்ததையும் பார்த்தோம். பட்டம் கையில் வந்ததும் அங்கே வேலை. சம்மதமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். செல்வகணேஷ் அரைக்கிலோ ஜிலேபி வாங்கி வந்தான். "அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிடுதேன்" என்றான்.

இனி வியாழக்கிழமை.

வியாழன் மத்தியானம் மூன்று மணிக்குக் கல்லூரியில் கமிட்டி முன்னால் டப்பாக்களைத் திறந்து எண்ண வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. இந்த மாதக் கடைசியோடு அவளுடைய பதிவு முடிகிறது. இந்த எண்ணிக்கை இல்லாமல் ஆராய்ச்சி ஏடு கிடையாது, அந்த ஆய்வேடு இல்லாமல் பட்டம் இல்லை.

அதற்கு முந்தைய நாள் பார்த்துத்தான் பொன்செல்வி கல்லாறுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ராஜையன் என்பவரின் தோட்டத்தில் அவளுடைய பயறு இரண்டாவது பாத்தியாக நிற்கிறது. மழை கொட்டியது. சாலையில் மண் சரிந்து கடைசி பஸ் வரவில்லை. ராஜையன் வீட்டிலேயே தங்கிவிட்டு, காலை முதல் பஸ் பிடித்து எட்டரைக்கு ஆரியசாலை வந்து சேர்ந்தாள்.

கடைமுற்றம் முழுக்கச் சாக்கு. லோடு ஏற்றுகிறவர்கள் மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டிச் சலித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பார்வதியம்மாள், மருமகளை ஏறிட்டுப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

பொன்செல்வி மாடிக்கு ஓடினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தாள்.

நாற்பத்தெட்டு டப்பாக்களும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. நம்பர் எழுதி ஒட்டிய சீட்டெல்லாம் ஊறிப்போய்க் குப்பைக்கூடையில் கிடந்தன. சுவரோரம் ஒரு சிறிய சாக்கு. வாயை மடித்து, சணலால் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது. முடிச்சு கிடையாது. உருவினால் வந்துவிட்டது.

உள்ளே பயறு. சலித்து, புடைத்துச் சுத்தம் செய்த பயறு. பதினாறு ரகமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. துளை விழுந்த பயறு ஒன்றுகூட இல்லை. வண்டு தின்ற பயறைப் பொறுக்கிக் கழித்துவிட்டு நல்ல பயறை மட்டும் சேர்த்துவைத்த சுத்தமான வேலை. பயறு வியாபாரி வீட்டில் பிறந்த கைக்குத்தான் அந்தப் பழக்கம் இருக்கும். வண்டைக் கண்டால் சலிக்கணும், சொத்தையைக் கண்டால் கழிக்கணும். அந்தச் சொத்தைதான் அவளுடைய படிப்பு என்று அந்தக் கைக்கு எங்கே தெரியும்?

பதினோராம் நம்பர் ரகத்தில் மூன்று டப்பாவிலும் ஒரு துளைகூட விழவில்லை. திங்கட்கிழமைகூடத் துணிக்கு மேலேயே பார்த்து வைத்திருந்தாள். இப்போது அந்த முந்நூறு பயறு எது, மற்றது எது? கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது.

பொன்செல்வி சாக்கைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.  

"யாரு செஞ்சது?"

சலித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"உங்களை யாருலே நிறுத்தச் சொன்னா? சலிங்க" என்றாள் பார்வதியம்மாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். "நான்தான். என்ன இப்போ?"

"அத்தை, இன்னைக்கு மூணு மணிக்கு நான் இதை எண்ணணும்."

"எண்ணு. சுத்தமாத்தானே வச்சிருக்கு?"

"சுத்தமாவா? என் அஞ்சு வருசத்தைக் கழுவி ஊத்திட்டு சுத்தம்னு சொல்லுதீங்க!"

"சத்தத்தைக் குறைட்டி! உன் வண்டு மாடியிலேருந்து கீழே இறங்கிட்டு. நாப்பது மூட்டையைப் பிரிச்சுப் போட்டிருக்கேன், கண்ணு தெரியல்லையா? நெய்யாற்றின்கரைக்குப் போக வேண்டிய லோடை நேத்தே நிறுத்தியாச்சு. பார்வதியம்மா கடைப் பயறுல வண்டுன்னு இந்தத் தெரு பூரா பேச்சு. உன் மாமனார் செத்தப்புறம் பதினெட்டு வருசமா இந்தக் கல்லாவுல நான் உக்காந்து சம்பாதிச்ச பேரு அது. வண்டுக்கு நீ சோறு போடுவ, நான் பேரு கெட்டு நிக்கணுமா? பின்னே?"

"இறங்கியிருந்தா என்கிட்ட சொல்லியிருக்கணும். போன் இருக்குல்லா?"

"நீதான் கல்லாத்துல போயி சுகமா இருந்தியே. வீட்டுல ஒருத்தி இருக்காளா, ஒரு நேரம் அடுப்புப் பக்கம் வந்தாளா? படிப்பாம் படிப்பு! கல்யாணம் ஆகி நாலு வருசம் ஆகுது, மூணு ஆள் சமையல் தெரியாது, பத்து வண்டுக்கு நூறு பயறுன்னு கணக்கா அளந்து போடத் தெரியும்!"

லோடுகாரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். பொன்செல்விக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கிழவியின் முகத்தில் சாக்கோடு பயறை விட்டெறிய வேண்டும் போலிருந்தது. நிஜமாகவே கையை ஓங்கினாள். பிறகு, அதிலும் பதினோராம் நம்பர் இருக்குமே என்று நினைத்து, சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன், அத்தை."

"நான் கேட்டேனா?" என்றாள் பார்வதியம்மாள்.

செல்வகணேஷ் கடையில் இல்லை, சாலைச் சந்தைப் பக்கம் சரக்கு பார்க்கப் போயிருந்தான். போனில் பிடித்தாள். அழுதாள்.

"அம்மாவா? ஐயையோ... கொத்துல சாவி இருந்துதுல்லா, எடுத்திருப்பா" என்றான். "சரி விடு பொன்னு. உடம்பைக் கெடுத்துக்காத. போனது போட்டும். இத்தனை நாள் கஷ்டப்பட்டது மதி, போதும். கொஞ்சநாள் வீட்டில ரெஸ்ட் எடு."

அவனுடைய குரல் வெல்லமாக இருந்தது. அவளுக்கு அப்போது அது ஆறுதலாகத்தான் பட்டது.

மூன்று மணி. கமிட்டியில் மூன்று பேர். மேசைமேல் அந்தச் சாக்கு.

கமிட்டித் தலைவர் டாக்டர் வினீத் சாக்குக்குள் ஒரு கை விட்டு, பயறை அள்ளிப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"லேபில் இருக்க வேண்டிய சாம்பிள் வீட்டுக்கு எப்படிப் போச்சு?"

"ஓமனா டீச்சர்கிட்ட பறைஞ்சிட்டுத்தான் சார் கொண்டுபோனேன்."

எல்லோரும் ஓமனா டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் ஃபைலைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

"எழுத்தா எனக்கு ஒண்ணும் வந்திட்டில்ல" என்றார்.

பொன்செல்வி டீச்சரையே பார்த்தாள். இந்த டீச்சருக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை வயலில் நின்றிருக்கிறாள்! பெயின்ட் அடித்த அன்று, 'வேகம் கொண்டுபோ' என்று சொன்னது இதே வாய்தானே? வீட்டில் நடந்ததைப் பொன்செல்வி சொல்லி முடித்தாள்.

"அப்போ மாமியார் கொட்டிட்டாங்க" என்றார் வினீத். "இதை நீங்க எந்தச் சாப்டரில் எழுதப்போறீங்க? முடிவுகளிலா, நன்றியுரையிலா?"

அறையில் சிரிப்பு எழுந்தது. பொன்செல்வி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"சார், எல்லா ரகத்திலும் மிச்ச விதை கல்லூரி குளிர்பெட்டியில் இருக்கு. மூணு மாசம் தாங்க. திரும்பச் செய்யுறேன். இங்கேயே செய்யுறேன்."

அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். அரைமணி கழித்து ஓமனா டீச்சர் மட்டும் வராந்தாவுக்கு வந்தார். கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"கேள். ஆராய்ச்சி செய்யுற ஆளோட குற்றமில்லாம சாம்பிள் நசிச்சுப்போச்சுன்னா மூணு மாசம் கிட்டும். ஆனா அதைச் செய்த ஆள் சொந்தக் கையால எழுதித் தரணும். நாளைக்குக் காலை பத்து மணிக்கு. ஆளையும் கூட்டிட்டு வரணும், வினீத் சார் நேரில் கேட்பார். கள்ளம் எழுதிக் கொண்டுவந்தா பதிவையே ரத்து செய்வாங்க. நானும் கூட நிக்க மாட்டேன்."

"இன்னைக்கும் நிக்கலையே டீச்சர்" என்றாள் பொன்செல்வி.

ஓமனா டீச்சரின் முகம் சிவந்தது. ஆனாலும் சாக்கைத் தூக்கிக் கொடுத்தது அவர்தான்.

பஸ்ஸில் வரும்போது பொன்செல்விக்கு ஒரே யோசனை. காலையில் மன்னிக்கவே மாட்டேன் என்று கத்திய அதே பொம்பளையிடம் போய், எழுதிக் கொடுங்கள், கல்லூரிக்கும் வாருங்கள் என்று நிற்க வேண்டும். நினைக்கவே நாக்கில் கசப்புத் தட்டியது. ஆனாலும் மானத்தைப் பார்த்தால் பட்டம் போய்விடும்.

ஆறு மணிக்குக் கடைக்கு வந்தாள். லோடுகாரர்கள் போய்விட்டார்கள். நாற்பது மூட்டையும் திரும்பக் கட்டி அடுக்கியாயிற்று. கல்லாவில் பார்வதியம்மாள், பக்கத்தில் செல்வகணேஷ். அவன் மனைவியைப் பார்த்ததும் எழுந்தான்.

"வந்துட்டியா? சாயா சொல்லட்டுமா?"

"வேண்டாம்." நேராக மாமியாரிடம் போனாள். விஷயத்தைச் சொன்னாள். கெஞ்சவில்லை, ஆனால் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

பார்வதியம்மாள் கேட்டு முடித்தாள். "பேப்பர் கொண்டா" என்றாள்.

இவ்வளவு சுலபமா? பொன்செல்வி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தாள். கிழவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'நான் பார்வதியம்மாள் எழுதிக் கொடுப்பது' என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கைக்காரன் பயறு சாம்பிள் பார்க்க வந்தான். செல்வகணேஷ் ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டினான். வந்தவன் தலையாட்டிவிட்டுப் போனான். செல்வகணேஷ் மூட்டை வாயை மடித்தான். சணலை எடுத்தான். மூன்று சுற்றுச் சுற்றினான். நுனியை உள்ளே செருகினான்.

பொன்செல்வி தன் கையிலிருந்த சிறிய சாக்கைப் பார்த்தாள். காலையில் அதன் வாயும் இப்படித்தான் கட்டியிருந்தது. பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தாள். பார்வதியம்மாள் கட்டியதெல்லாம் சாக்கூசியால் தைத்தது. அவள் சணல் சுற்றி யாரும் பார்த்ததில்லை. செருகினது நிக்குமா, தைச்சாத்தான் நிக்கும் என்று லோடுகாரர்களைத் திட்டுகிறவள் அவள்.

"எழுதாதீங்க அத்தை" என்றாள்.

பேனா நின்றது.

"நீங்க செய்யல்ல."

"நான்தான் செஞ்சேன்னு சொல்லுதேன்லா? கையெழுத்துக் கேட்டா வாங்கிட்டுப் போயேன்!"

"நாளைக்கு வினீத் சார் கேப்பாரு. எந்தச் சீட்டு எந்த டப்பாவுல இருந்துது, எத்தனை மணிக்குக் கொட்டினீங்கன்னு கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?" சாக்கைக் கல்லாப்பெட்டிமேல் வைத்தாள். "காலையில இதை மூணு சுத்துச் சுத்தி, நுனியைச் செருகி யாரு கட்டினது?"

பார்வதியம்மாள் சாக்கைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தாள். செல்வகணேஷ் தரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சுபோச்சுல்லா? அப்ப கேட்டுக்கோ" என்றாள் கிழவி. "மாமியாக்காரி செஞ்சான்னா ஊரு ஒரு நாள் பேசும், நீ ஒரு வருசம் மூஞ்சியைத் தூக்குவ, அதோட போச்சு. புருசன் செஞ்சான்னா நீ இந்த வீட்டில இருப்பியா? அதான் என் தலையில போட்டுக்கிட்டேன். உனக்காக இல்ல. எனக்கு உன்னைக் கண்டா ஆகாது, அது உனக்கே தெரியும். இவனுக்காக. வண்டு கீழே இறங்கிட்டுன்னு பதறிப்போயி செஞ்சுட்டான். கடைக்காகச் செஞ்சான்."

"கடைக்காகவா?" என்றாள் பொன்செல்வி. "நாப்பது மூட்டையைச் சலிச்சீங்களே, எத்தனை வண்டு கிடைச்சுது?"

 காலையிலிருந்து பார்வதியம்மாளைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி அது.

"ஒண்ணுகூட இல்ல" என்றாள் மெல்ல.

"எப்படி இருக்கும்? அவரு என்னை ஐதராபாத்துக்கு விடக்கூடாதுன்னு செஞ்சிருக்காரு. அங்கே எனக்கு வேலை கிடைச்சிருக்கு, பட்டம் வந்ததும் போகணும். உங்ககிட்ட பக்குவமா சொல்லுதேன்னாரு. சொன்னாரா?"

கிழவியின் முகம் மாறுவதைப் பொன்செல்வி பார்த்தாள். காலையில் தன்மேல் பாய்ந்த அதே கோபம், இப்போது ஆள் மாறி நின்றது.

"கணேசு. கடையில வண்டு விழுந்துட்டுன்னு என்கிட்ட வந்து சொன்னியேல, அது பொய்யா?"

"அம்மா, அது..."

"என் வாயாலேயே நெய்யாற்றின்கரைக்குப் போன் போட்டு, எங்க பயறுல வண்டு, லோடு வராதுன்னு சொல்ல வச்சியேல! பதினெட்டு வருசத்துல இந்த வாயி அந்த வார்த்தையைச் சொன்னதில்ல. பொண்டாட்டியைக் கட்டிப்போட உனக்கு என் கடைதான் கிடைச்சுதா? போவாதன்னு அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்ல உனக்கு முதுகெலும்பு இல்ல?"

"சொன்னா கேப்பாளா?" செல்வகணேஷின் குரலில் இருந்த வெல்லமெல்லாம் போய்விட்டிருந்தது. "எப்பப் பாத்தாலும் பயறு, வண்டு, வயல். நான் ஒருத்தன் இருக்கேன்னு நினைப்பு இருக்கா அவளுக்கு? ஐதராபாத் போனா திரும்பி வருவாளா? நான் இங்கே மூட்டை கட்டிட்டு இருக்கணும், அவ டாக்டர்னு போர்டு வச்சுக்கிடணும்!"

ஜிலேபி வாங்கி வந்த அன்றும் இவன் மனசுக்குள் இதுதான் இருந்திருக்கிறது. பொன்செல்விக்கு அழுகை வரவில்லை. காலையில் மாமியாருக்காக வைத்திருந்த கண்ணீரெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு என்கூட வாங்க."

"அந்த வாத்தியானுங்க முன்னால வந்து நான் நிக்கணுமா?"

"நான் இன்னைக்கு நின்னேன்."

பார்வதியம்மாள் தான் எழுதியிருந்த தாளை இரண்டாகக் கிழித்தாள். தன் பேனாவை மகன் பக்கம் தள்ளினாள். கல்லாவில் உட்கார்ந்து பதினெட்டு வருடமாகக் கையெழுத்துப் போடுகிற பேனா, அதை யாரும் தொட விடமாட்டாள்.

"எழுதுல" என்றாள்.

செல்வகணேஷ் பேனாவை எடுத்தான். எழுதவில்லை. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். பயந்தவன் பார்வையாக அது இல்லை.

"எழுதுதேன். மூணு மாசமும் கிட்டும், பட்டமும் கிட்டும், சந்தோசமா வச்சுக்கோ" என்றான். "ஆனா ஐதராபாத் இல்ல. நீ கல்லாத்துக்குப் போகும்போது லேப்டாப்பை வீட்டில வச்சுட்டுப் போனேல்லா? அந்த மெயிலுக்கு நேத்தே பதில் போயாச்சு. உன் பேருல. வேலைக்கு வர சம்மதம் இல்லன்னு."

பொன்செல்வி போனை எடுத்து அந்த மெயிலைத் தேடினாள்.

பார்வதியம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டாள். மகன் முன்னால் இருந்த வெள்ளைத் தாளை விரலால் தட்டினாள்.

"அதையும் சேத்து எழுதுல" என்றாள்.